மரணத்தின்போது உடனிருந்தவர்

ஆரணியைத் தூக்கிக்கொண்டு போனபோது அவளுக்குப் பதினோரு வாரம். வந்தவர்கள் இரண்டு பெண்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். குழந்தைக்குக் கடைசியாக எப்போது பால் கொடுத்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஒரு தாளை மேசைமேல் வைத்தார்கள். எல்லாம் பதினேழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. தாய் கெய்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகப்பன் துவாரகன் வேலையிடத்திலிருந்து ஓடி வந்தபோது கார் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

அவன் தொலைபேசியில் கூப்பிட்டது தன் அக்காவைத்தான்.

“அக்கா, ஆரணியைக் கொண்டு போட்டினம்.”

“ஆர்? என்னடா சொல்லுறாய்?”

“கவுன்சில் ஆக்கள். நான் வாறதுக்குள்ள போட்டினம். கெதியா வாங்கோ.” தாள் ஒன்று சரசரத்தது. “அக்கா, தந்த பேப்பரில உங்கட கையெழுத்துக் கிடக்கு.”

பிறேமினி இங்கிலாந்தின் வடக்கே ஓக்கன்டேல் மாவட்டத்தின் துணைப் பதிவாளர். யுத்தத்தில் தாயும் தகப்பனும் போனபின், பதினெட்டு வயதில், ஏழு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள். அவனைப் படிக்கவைத்தாள். ஓக்கன்டேலில் பிறந்து வளர்ந்த கெய்லியை அவன் விரும்பியபோது முன்னின்று கல்யாணம் செய்துவைத்தாள். தனக்கென்று அவள் குடும்பம் எதுவும் தேடிக்கொள்ளவில்லை.

அவளுடைய வேலை பழைய மரணங்களைத் திருத்துவது. நூற்றெழுபது வருடங்களுக்கு முன் ஓக்கன்டேல் பருத்தி மில்களின் ஊர். அந்தக் காலத்து மரணப் பதிவேடுகளில் காரணம் என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் ஊகங்கள். பல் முளைத்தல், வலிப்பு, தேய்வு, பிறவிப் பலவீனம். சில பக்கங்களில் ‘கடவுளின் வருகை’ என்றுகூட எழுதி முடித்திருந்தார்கள். ஆறு வருடங்களுக்கு முன் இந்தப் பதிவேடுகளை ஓர் இயந்திரத்திடம் கொடுத்தார்கள். அது பதிவேட்டோடு நிற்கவில்லை. வைத்தியர்களின் குறிப்புகள், மருந்துக்கடைப் பேரேடுகள், அந்தந்த மாதத்துக் குளிர், கிணற்றுத் தண்ணீர், இடுகாட்டிலிருந்து எடுத்த பால்பற்கள் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்து, ஒவ்வொருவரும் உண்மையில் எதனால் செத்தார் என்று சொன்னது. வம்சத்தில் வரும் இதய நோய்கள் சில அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டன. நாற்பது பேருக்கு மேல் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அந்த இயந்திரத்தைக் கேள்வி கேட்கவில்லை. குழந்தைகள் பாதுகாப்புத் துறை அதைத் தன் கோப்புகளோடு இணைத்துக்கொண்டபோதும் கேட்கவில்லை.

திருத்தம் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். பிறேமினி ஒரு நாளைக்கு நூற்று நாற்பது கையெழுத்து வைப்பாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கெய்லி சமையலறை நாற்காலியில் இருந்தாள். சட்டையின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

“இந்தப் பெண் யார், அக்கா?” என்று தாளை நீட்டினாள். துவாரகன் கூப்பிடுவதைப் பார்த்து அவளும் பிறேமினியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். “நான் இவளைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.”

எலன் ஹிண்டில், நெசவாளி, டேனர் தெரு. 1869, 1871, 1872 ஆகிய வருடங்களில் இறந்த மூன்று குழந்தைகள். பழைய காரணங்கள்: வலிப்பு, பல் முளைத்தல், பிறவிப் பலவீனம். திருத்திய காரணம் மூன்றுக்கும் ஒன்றே: தூங்கவைக்கத் தாய் கொடுத்த அபின் மருந்து. மரணத்தின்போது உடனிருந்தவர் என்ற இடத்தில் மூன்று தடவையும் எலனின் பெயர். எழுதத் தெரியாதவள் என்பதால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதன் கீழே ஒரு கோடு போட்டு, தாயிலிருந்து மகளுக்கு, மகளிலிருந்து மகளுக்கு என்று இறங்கி ஏழாவது இடத்தில் கெய்லியின் பெயர் இருந்தது.

“வாசிக்காமலோ கையெழுத்து வைச்சனீங்கள்?” என்று துவாரகன் கேட்டான்.

“வாசிச்சனான். எலன் ஹிண்டில் எண்டுதான் கிடந்தது. கெய்லியின்ர பேர் அதில இல்லை. உயிரோட இருக்கிற ஆக்களைக் கண்டுபிடிக்கிறது வேற டிப்பார்ட்மென்ட்.”

“மூண்டு பிள்ளையைத் தாய் கொன்றுபோட்டாள் எண்டு வாசிச்சிட்டு, அப்பிடியே வைச்சனீங்கள்?”

“ஓமடா,” என்றாள் பிறேமினி. “அண்டைக்கு அதே மாதிரி இன்னும் நாலு வந்தது.”

மறுநாள் காலை அவள் தன் மேலதிகாரியின் அறைக்குப் போனாள். ஹெதர் என்ட்விசில் நல்ல பெண்மணி. துவாரகனின் கல்யாணத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்தவள்.

“இரத்தத்தில் குணம் வருகிறது என்று இயந்திரம் சொல்லவில்லை,” என்றாள் ஹெதர். “வீடுகள் பழக்கங்களைக் கைமாற்றிக் கொடுக்கின்றன என்று சொல்கிறது. தொண்ணூறாயிரம் குடும்பங்களில் பார்த்திருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் ஆபத்து இரண்டு மடங்கு.”

“இரண்டு மடங்கு என்றால்?”

“இரண்டாயிரத்தில் ஒன்றாக இருந்தது. ஆயிரத்தில் ஒன்றாகிறது.”

“ஆயிரத்தில் ஒரு குழந்தைக்காகவா?”

“அந்த ஒரு குழந்தை செத்த பிறகு, முன்பே தெரிந்திருந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று என்னிடம்தானே கேட்பார்கள்.” ஹெதர் கண்ணாடியைக் கழற்றினாள். “மேன்முறையீட்டுக்கு இருபத்தொரு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆணை ஒரு வருடத்துக்கு நீளும். கெய்லி நல்ல தாய் என்று யார் சொன்னாலும் எடுபடாது. திருத்தமே பிழை என்று காட்ட வேண்டும். அதுவும் இயந்திரம் இதுவரை வாசிக்காத ஓர் ஆவணத்தைக் கொண்டு.”

இயந்திரம் வாசிக்காத ஆவணங்கள் ஊரில் ஓரிடத்தில்தான் இருந்தன. மூடிப்போன ஒரு கிறிஸ்தவச் சிற்றாலயத்தின் நிலவறையில் மில்களின் பழைய புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்து, பக்கங்கள் ஒட்டிப்போயிருந்ததால் அவற்றைப் படமெடுக்க முடியவில்லை. அவற்றைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொண்டிருந்தவர் டெரிக் ஸ்கோஃபீல்ட், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி இறந்தபின் பகல் முழுவதும் அங்கேதான் இருப்பார்.

பிறேமினி விடுமுறை எடுத்துக்கொண்டு ஆறு நாள் அங்கே உட்கார்ந்தாள். டெரிக் மீன்முள் எடுப்பதுபோல ஒரு மெல்லிய கத்தியால் பக்கங்களைப் பிரித்துக் கொடுப்பார். அவள் வாசிப்பாள். ஆறாம் நாள் மத்தியானம் ஆற்றோர மில்லின் வாசல் புத்தகம் பிரிந்தது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று காவலாளி எழுதிவைத்த புத்தகம்.

மூன்று மரணங்களின் நாட்களும் அதில் இருந்தன. மூன்று நாளும் எலன் ஹிண்டில் காலை ஆறு மணிக்கு உள்ளே போயிருந்தாள். 1869இல், பதினொரு மணி, வீட்டில் மரணம், வெளியே விடப்பட்டாள். 1871இல், ஒரு மணி, வீட்டில் மரணம், வெளியே விடப்பட்டாள். 1872இல் காவலாளியின் கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது: மூன்று மணிக்குச் செய்தி வந்தது, தறி நிற்கக் கூடாது என்பதால் மணி அடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லப்பட்டது.

பிறேமினி அந்த வரியை டெரிக்குக்கு வாசித்துக் காட்டினாள்.

“மணி எத்தனைக்கு அடிக்கும்?”

“ஆறு மணிக்கு,” என்றார் டெரிக்.

புத்தகத்தை ஹெதரிடம் கொண்டுபோனாள். ஹெதர் நீண்ட நேரம் வாசித்தாள். பிறகு அதை இயந்திரத்துக்குக் காட்டினாள். பதில் வர இரண்டு நிமிடம் ஆகவில்லை.

“ஏற்கவில்லை,” என்றாள். “தாய் வீட்டில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் பற்களில் அபின் இருக்கிறது. யாரோ கொடுத்திருக்க வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட அதற்குத் தெரியாது. தாயின் பெயரை எடுக்க வேண்டுமென்றால் வேறொரு பெயர் வேண்டும்.”

“கைப்பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. தறி நிற்கக் கூடாது என்று அவளை மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பெயரைப் போடச் சொல்லுங்கள்.”

“மில்லையா?”

“ஏன், போட முடியாதா?”

“மில்லுக்கு வாரிசு இல்லை, பிறேமினி. அந்த வரி யாரிடமும் போய்ச் சேராது. யாரிடமும் போய்ச் சேராத காரணத்தை அது காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.”

டெரிக்கிடம் வந்து இதைச் சொன்னாள். ஆரணியைக் கொண்டுபோய் அன்றைக்கு எட்டாம் நாள். அவர் கையிலிருந்த கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். அந்தக் காலத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது தெருவில் யாராவது ஒருத்தியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள், அந்த ஒருத்தி யார் என்பதுதான் கேள்வி என்றார். ஆலயத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் குறிப்பெழுதும் வழக்கம் இருந்தது, அந்தக் குறிப்பேடு ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கிறேன், நாலு நாள் பொறுங்கள் என்றார்.

அந்த நாலு நாளும் துவாரகன் வேலைக்குப் போகவில்லை. கெய்லி மூன்று மணிக்கொரு தடவை பாலைக் கறந்து போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். அதை வாங்கிக்கொள்ள முடியாது என்று துறையிலிருந்து சொல்லிவிட்டார்கள். அபின் வழக்கு என்பதால் தாயிடமிருந்து வரும் எதையும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாதாம். அவள் கறப்பதை நிறுத்தவில்லை. பன்னிரண்டாம் நாள் பால் தானாகவே நின்றுபோனது.

அன்றைக்குத்தான் டெரிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பு அட்டை, உள்ளங்கை அளவு. ஆலயத்தைச் சேர்ந்த மிஸ் டைசன் என்பவள் பென்சிலால் எழுதியது. பிறேமினி வாசலில் நின்றபடியே வாசித்தாள்.

‘டேனர் தெரு. சாரா ஓர்மராட் வீடு. இன்று இங்கே பதினொரு குழந்தைகள். பகல் மூன்று மணிக்கு எல்லாம் தூங்குகின்றன. எலன் ஹிண்டிலின் சிறியவன் எழுந்திருக்கவில்லை.’

இன்னொரு பக்கத்தில்: ‘பிள்ளை சாராவிடம் இருக்கும்போது இறந்ததை ஏன் பதிவாளரிடம் மறைத்தாய் என்று எலனைக் கேட்டேன். சாராவை விசாரணைக்குக் கொண்டுபோனால் இந்தத் தெருவில் பதினொரு பேர் வேலையை விட வேண்டும், அதனால் நான்தான் உடனிருந்தேன் என்று சொன்னேன் என்றாள். சாராவின் சொந்தப் பிள்ளைகள் இரண்டும் அதே மருந்துப் போத்தலால் போனவைதான் என்றும் சொன்னாள்.’

“நன்றி,” என்றாள் பிறேமினி. டெரிக் தலையை மட்டும் அசைத்தார். தேநீர் குடிக்கிறீர்களா என்று வழக்கமாகக் கேட்பவர் அன்று கேட்கவில்லை.

இம்முறை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. கடிதங்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்வர ஏழு நாள் ஆனது. ஆரணி இருபதாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கனம் கூடியிருந்தது. வேறு சோப்பின் வாசம் அடித்தது. கெய்லி தூக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொண்டுவந்து விட்ட பெண்ணைத் தேடி அழுதாள்.

அதற்குப் பிறகு கெய்லி குழந்தையோடு தனியாக ஓர் அறையில் இருப்பதில்லை. துவாரகன் குளிக்கப் போனால் கதவைத் திறந்து வைக்கச் சொல்வாள். “நீ பார்த்துக்கொண்டிரு,” என்பாள், “நான் பால் கரைக்கிறேன், நீ பார்.” கரண்டியால் அளந்த பால்மாவைத் திரும்பக் கொட்டி அவள் மூன்றாவது தடவை அளப்பதைப் பிறேமினி ஒரு சனிக்கிழமை பார்த்தாள்.

அடுத்த புதன்கிழமை அவளுடைய மேசைக்கு ஒன்பது தாள்கள் வந்தன. டேனர் தெருக் குழந்தைகள் இருபத்து மூன்று பேரின் மரணத்தையும் இயந்திரம் திரும்ப வாசித்திருந்தது. இருபத்து மூன்றுக்கும் காரணம் சாரா ஓர்மராட். ஹிண்டில் வழக்கில் வந்த குழப்பத்தால் விதியையும் மாற்றியிருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் பார்த்த பிறகே இனிக் கையெழுத்திட வேண்டும். சாராவின் வழியில் கைக்குழந்தை உள்ள வீடுகளும் கர்ப்பிணி உள்ள வீடுகளுமாக ஒன்பது. ஆணை வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடைமுறைக்கு வரும்; இன்னும் பிறக்காத பிள்ளைகளைப் பிறந்த அன்றைக்கே எடுத்துக்கொள்வார்கள்.

நாலாவது தாளில் ஜோசி ஸ்கோஃபீல்ட் என்று இருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி. தகப்பன் பெயர் டெரிக்.

கையெழுத்திடும் அதிகாரி ஐயத்தின் பேரில் மாதத்துக்கு ஒரு தாளை நிறுத்திவைக்கலாம். பிறேமினி இத்தனை வருடத்தில் அந்த உரிமையைப் பயன்படுத்தியதில்லை. இப்போது ஜோசியின் தாளை எடுத்துத் தனியே வைத்தாள். மற்ற எட்டையும் பார்த்தாள். தான் வைக்காவிட்டால் பக்கத்து அறையில் இருப்பவர் வைப்பார். அப்போது நிறுத்திவைத்த தாளையும் சேர்த்து அவரிடம் கொடுத்துவிட வேண்டிவரும். அவள் எட்டிலும் கையெழுத்து வைத்தாள். பேனாவை மூடிவிட்டு மேல்சட்டையை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்கு நடந்தாள். மூன்றரை மணி.

டெரிக் வழக்கமான இடத்தில் இருந்தார். சாராவின் பெயர் வந்ததையும் ஜோசியின் தாள் வந்ததையும் அவள் சொன்னாள். தாளை நிறுத்தியதையும் சொன்னாள்.

“ஜோசி இங்கே இல்லை,” என்றார் டெரிக்.

“இல்லையா?”

“ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டாள். அங்கே இந்தச் சட்டம் இல்லை. வீடு பார்த்து, மருத்துவமனையில் பதிந்து, எல்லாம் செய்ய நாலு நாள் ஆனது. அவளை ரயிலேற்றிவிட்டுத்தான் உங்களிடம் குறிப்பேட்டைக் கொண்டுவந்தேன்.”

பிறேமினி பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு முதலிலேயே தெரியுமா?”

“சாரா ஓர்மராட் என் அம்மாவின் கொள்ளுப்பாட்டி. அந்தக் குறிப்பேடு எங்கள் வீட்டில்தான் இருந்தது. மிஸ் டைசன் சாகும்போது அதைச் சாராவிடமே கொடுத்துவிட்டாளாம். எரித்துவிடு என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறாள். ஏனோ யாரும் எரிக்கவில்லை.” அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “உங்கள் வீட்டுப் பிள்ளையை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். என் வீட்டுப் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அவ்வளவுதான் யோசித்தேன்.”

“ஜோசி என்ன சொன்னாள்?”

“ரயிலில் ஏறும்வரை ஒன்றும் சொல்லவில்லை. இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை.” பிறகு கேட்டார்: “மற்றவர்கள் எத்தனை பேர்?”

“எட்டுக் குடும்பம்.”

“அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்...” அவர் நிமிர்ந்து பார்த்தார். “அந்தத் தாள்களை என்ன செய்தீர்கள்?”

“கையெழுத்து வைத்துவிட்டேன்.”

டெரிக் ஏதாவது சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். ஏற்கெனவே போய்விட்ட ஒருத்திக்காகத் தன்னிடமிருந்த ஒரே ஒரு நிறுத்தத்தைச் செலவழித்துவிட்டு வந்திருக்கிறாள். எட்டுத் தாள்களிலும் கையெழுத்துக் காய்ந்திருக்கும்.

“எனக்கு முகவரிகள் தெரியும்,” என்றாள் கடைசியில்.

“என்னிடம் கார் இருக்கிறது,” என்றார் டெரிக்.

ஆணையை முன்கூட்டியே வெளியே சொல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இருவருக்கும் அது தெரியும். காரில் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

முதல் வீட்டில் கதவைத் திறந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஈரத் தலையில் துவாலை சுற்றியிருந்தாள். இடுப்பில் ஒரு பையன், எட்டு மாதம், வாயில் ரொட்டித் துண்டு.

“என் பெயர் பிறேமினி. பதிவாளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு உங்கள் பிள்ளையை எடுத்துப்போக வருவார்கள். அந்த ஆணையில் கையெழுத்திட்டது நான்தான்.”

அந்தப் பெண் அவளையும், தெருவில் நின்ற காரையும், மறுபடி அவளையும் பார்த்தாள்.

“நான் என்ன செய்தேன்?”

“நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஸ்காட்லாந்தில் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?”

ஏழு மணிக்குள் ஆறு வீடுகளுக்குப் போக முடிந்தது. மூன்று பேர் நம்பினார்கள். இருவர் கதவைச் சாத்தினார்கள். ஆறாவது வீட்டில் ஒரு தகப்பன் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். நீங்கள் சொல்வது சரிதானா என்று ஒரு தடவை உறுதிசெய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த அறைக்குப் போய்க் குழந்தைகள் பாதுகாப்புத் துறையையே தொலைபேசியில் கூப்பிட்டான்.

காலை ஒன்பது மணிவரை துறையினர் காத்திருக்கவில்லை. புறப்பட்ட மூன்று கார்களில் இரண்டை நெடுஞ்சாலையிலேயே நிறுத்தினார்கள். ஈரத் தலைப் பெண்ணின் கார் மட்டும் எல்லையைத் தாண்டியது.

பிறேமினி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்த எண்ணுக்கு அவள் அன்றிரவு எட்டரை மணிக்குக் கூப்பிட்டாள். பிறேமினி அப்போது ஆறாவது வீட்டின் வாசலில், இரண்டு காவலர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். டெரிக் காவலர்களின் காரில் உட்கார்ந்திருந்தார். காவலர்களில் இளையவர் தலையை மறுபுறம் திருப்பிக்கொண்டு, எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“வந்துவிட்டோம்,” என்றது அந்தக் குரல். பின்னால் பையன் அழுவது கேட்டது. “உடுப்பு எல்லாம் எடுத்தேன். பால்மாவு டின்னை மறந்துவிட்டேன். இங்கே கடைகள் பூட்டியிருக்கின்றன. அவனுக்கு என்ன கொடுக்கலாம்?”

பிறேமினி யோசித்தாள். எட்டு மாதம். பல் வந்திருக்கும்.

“ரொட்டியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, நன்றாக மசித்துக் கொடுங்கள்,” என்றாள். “தூங்கினதும் நீங்களும் பக்கத்தில் படுங்கள்.”